பழைய பிரெஞ்சுப் பீங்கான்: முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

பழைய பிரெஞ்சுப் பீங்கான் தட்டு ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் உடனே அதைக் கவிழ்த்து அடியில் என்ன முத்திரை என்று பார்க்கிறார்கள். ஏமாற்றம் தொடங்குவதும் அங்கேதான். முத்திரை என்பது தூரிகையின் நாலைந்து வீச்சு. யாரும் போடலாம், இருநூறு வருடமாகப் போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். மண்ணும், அதன்மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சான மெருகும் அப்படியல்ல. அவை எந்தக் காலத்துச் சூளையில், எந்தச் சூட்டில் வெந்தன என்பதை மறைக்க முடியாது. அதனால் முதலில் மண், அடுத்து மெருகு, அப்புறம் வண்ணமும் தங்கமும், எல்லாம் பார்த்து முடித்த பிறகு முத்திரை. இந்த வரிசையைப் பழக்கிக்கொண்டால் சந்தையில் கைமாறும் போலிகளில் பெரும்பகுதி ஐந்தே நிமிடத்தில் பிடிபடும்.

பிரெஞ்சுப் பீங்கானில் அடிப்படையாக இரண்டு வகை. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே செய்தது மென்பீங்கான். வெண்களிமண்ணான கயோலின் அவர்களிடம் அப்போது இல்லை. கண்ணாடித்தூள், வெண்மணல், சுண்ணம் கலந்த களிமண் என்று ஒரு கலவை செய்து, ஓரளவு குறைந்த சூட்டில் சுட்டு, ஈயம் கலந்த மெருகு பூசினார்கள். சான்-க்ளூ, ஷாந்தியி, மென்ஸி, வேன்சேன் ஆகிய ஊர்ப் பட்டறைகள் செய்ததெல்லாம் இந்த வகை. 1740இல் வேன்சேனில் தொடங்கிய பட்டறை 1756இல் செவ்ர் என்ற ஊருக்கு இடம் மாறியது. 1759இல் பதினைந்தாம் லூயி அதை முழுவதுமாகத் தன் உடைமையாக்கிக்கொண்டார். இரண்டாவது வகை கடினப் பீங்கான். லிமோஜ் நகருக்குத் தெற்கே சேந்த்-இரியே என்ற ஊரில் 1768 வாக்கில் கயோலின் கிடைத்த பிறகுதான் பிரான்சில் இது பெருமளவில் சாத்தியமானது. மெருகுச் சூடு ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் மண்ணும் மெருகும் ஒன்றாகக் கலந்து கெட்டியாகிவிடும்.

1768 என்ற இந்த ஒரு தேதி மட்டும் மனசில் இருந்தால் எவ்வளவு பயன் என்பதற்கு ஓர் உதாரணம். அடர்நீலப் பின்னணி, தங்கச் சட்டம், நடுவில் அரசவைப் பெண்ணின் முகம், அடியில் செவ்ரின் முத்திரையான பின்னிய இரண்டு எல் (L) எழுத்துகள், அவற்றுக்கு நடுவே ‘E’ என்ற எழுத்து. இப்படி ஒரு கோப்பையும் சாசரும் அடிக்கடி விற்பனைக்கு வரும். செய்த வருடத்தை எழுத்தால் குறிக்கும் செவ்ரின் ஆண்டெழுத்து முறைப்படி அந்த எழுத்து 1757ஐ ஒட்டிய காலம். கோப்பையை விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் நீலச்சாயலோடு குளிர்ந்த வெள்ளையாக ஊடுருவுகிறது. கோப்பை நிற்கும் அடிவளையத்தில் மெருகு படாத இடம் கெட்டியாக, வழவழவென்று இருக்கிறது. அதாவது கடினப் பீங்கான். 1757இல் செவ்ரில் அந்த மண்ணே கிடையாது. அந்தக் கோப்பை 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பக்கம் செய்தது; முத்திரையும் அப்போது போட்டதுதான். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தட்டிலும் கோப்பையிலும் அரசவைப் பெண்களின் முகங்களை வரிசையாக எழுதி வைப்பது 19ஆம் நூற்றாண்டு ரசனை. 18ஆம் நூற்றாண்டுச் செவ்ர் சாப்பாட்டுப் பாத்திரங்களில் பூ, பறவை, மன்மதக் குழந்தைகள், நிலக்காட்சி, பெயரெழுத்து இவைதான் வழக்கம்.

மண்ணைப் பிரித்தறிய நாலு வழிகள் உண்டு. ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. ஒளியை ஊடுருவ விட்டால் மென்பீங்கான் இளமஞ்சள் கலந்த இதமான நிறம் காட்டும்; கடினப் பீங்கான் வெள்ளையாகவோ லேசான நீலம், பச்சை, சாம்பல் கலந்தோ தெரியும். எங்காவது மூளி இருந்தால் உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள். மென்பீங்கானின் உடைவு சர்க்கரைக் கட்டியை உடைத்தது மாதிரி பொரபொரவென்று இருக்கும், அழுக்கு ஏறியிருக்கும். கடினப் பீங்கானின் உடைவு கண்ணாடி உடைவது போல வழவழப்பாக, சிப்பி வளைவோடு இருக்கும். மூன்றாவது, வண்ணம் மெருகில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது. மென்பீங்கானின் ஈய மெருகு குறைந்த சூட்டிலேயே இளகும். வண்ணச் சூளையில் வைக்கும்போது வண்ணம் அதற்குள் அமிழ்ந்துவிடும். சாய்த்துப் பிடித்தால் வண்ணமும் மெருகும் ஒரே ஈரப் பளபளப்பாக மின்னும். கடினப் பீங்கானில் வண்ணம் மேலே நிற்கும். நகத்தால் மெல்லத் தடவினால் இதழின் விளிம்பு தட்டுப்படும். நாலாவது, நீள்அலைப் புறஊதா டார்ச். இருட்டறையில் கடினப் பீங்கான் அடர்நீலமாகவோ ஊதாவாகவோ ஒளிரும். மென்பீங்கான் வெளிர்ப் பீச் நிறம் அல்லது பால்வெள்ளை. அரத்தால் அடிவளையத்தை ராவிப் பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அது பொருளைக் கெடுப்பதோடு சரி.

மண் மென்பீங்கான்தான் என்று உறுதியானாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அலெக்சாந்த்ர் ப்ரோன்யார் 1800இல் செவ்ரின் இயக்குநரானார். 1847 வரை இருந்தார். அவர் 1804இல் மென்பீங்கான் தயாரிப்பை நிறுத்தி, கிடங்கில் தேங்கிக் கிடந்த, வண்ணம் தீட்டாத வெள்ளைச் சரக்கை விற்றுவிட்டார். பாரிஸிலும் லண்டனிலும் இருந்த வண்ணக்காரர்கள் அதை வாங்கி, அப்போது விலைபோன பழைய பாணியில் வான்நீலமும் ரோஜா நிறமும் பூசித் தீட்டினார்கள். இப்படி மண் அசல், முத்திரையும் சில சமயம் அசல், வண்ணம் மட்டும் பின்னால் வந்தது என்று ஒரு பெரிய கூட்டமே சந்தையில் இருக்கிறது. விலை உயர்ந்த பொருள்களில் இதுதான் மிக ஆபத்தான வகை என்று உறுதியாகச் சொல்வேன்.

இவற்றைக் கண்டுபிடிக்க மெருகில்தான் தேட வேண்டும். பல வருடம் கிடந்த மென்பீங்கான் ஈரம் இழுத்திருக்கும். அதை மறுபடி சூளையில் வைத்தால் மெருகில் சிறு கரும்புள்ளிகளும் கொப்புளங்களும் கிளம்பும். அடிப்பக்கத்திலும் அடிவளையத்தைச் சுற்றியும் மிளகுத்தூள் தூவினாற்போல அவை தெரிந்தால் எச்சரிக்கை வேண்டும். சில தட்டுகளில் முதலில் ஒரு சிறு பூங்கொத்து இருந்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு அதன்மேல் பின்னணி நிறம் பூசியிருப்பார்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் பழைய பூவின் நிழல் மங்கலாகத் தெரியும். பச்சை நிறம் இன்னும் நல்ல சாட்சி. 1756இல் வந்த செவ்ரின் ஆப்பிள் பச்சை செம்பிலிருந்து எடுத்தது. கொஞ்சம் நீலம் கலந்த, ஆழமான, அங்கங்கே அடர்த்தி மாறும் நிறம். குரோமியம் என்ற தனிமத்தை பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டுபிடித்ததே 1797இல்தான். குரோமியப் பச்சை தட்டையாக, மஞ்சள் சாயலோடு, ஒரே சீராக இருக்கும். 1760களின் எழுத்து போட்ட தட்டில் குரோமியப் பச்சை இலை இருந்தால், அந்த இலையை எழுதியவர் அந்தக் காலத்தவர் அல்ல.

இவ்வளவும் பார்த்த பிறகு முத்திரைக்கு வரலாம். செவ்ரின் எல் எழுத்துகளுக்கு நடுவே ஆண்டெழுத்து 1753இல் தொடங்குகிறது. இசட் (Z) வருவது 1777இல், அதன்பின் இரட்டை எழுத்துகள், 1793இல் PP வரை. எழுத்துகளின் மேல் அரசமுடி இருந்தால் அது கடினப் பீங்கானுக்கு உரியது. மென்பீங்கான் மேல் முடி போட்ட முத்திரை வந்தாலும், முடியில்லாமல் கடினப் பீங்கான் மேல் வந்தாலும் நின்று யோசியுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிச் செவ்ரில் இரண்டு முத்திரைகள் இருக்கும். மெருகுக்கு அடியில் பச்சையில், வெள்ளைப் பாத்திரம் செய்த வருடம். மேலே சிவப்பு அல்லது நீலத்தில், வண்ணமோ தங்கமோ இட்ட இடமும் வருடமும். பச்சை முத்திரையின் குறுக்கே ஒரு வெட்டுக்கோடு கீறியிருந்தால், பட்டறை அதை வண்ணம் தீட்டாமல் வெள்ளையாகவே வெளியே விற்றுவிட்டது என்று பொருள். வெட்டுக்கோடும் இருந்து, நடுவில் ஆடம்பரமான ஓவியமும் இருந்தால் அந்த ஓவியம் செவ்ருடையது அல்ல. வியாபாரிகள் சிலர் அந்தக் கோட்டின் மேல் தங்கம் தடவி மறைத்திருப்பார்கள். விரல் நுனியால் தடவிப் பாருங்கள். துயிலெரி அரண்மனை, ஃபொந்தேன்ப்ளோ அரண்மனை என்று சிவப்பு வட்ட முத்திரை போட்ட போலிகளும் ஏராளம். அரண்மனையில் உண்மையாகப் புழங்கிய தட்டுகள் பெரும்பாலும் எளிமையானவை: வெள்ளை, தங்கக்கோடு, அரசரின் பெயரெழுத்து. அலங்காரம் கூடக் கூட சந்தேகமும் கூட வேண்டும்.

பாரிஸில் 1845இல் தொடங்கிய சாம்சன் பட்டறையையும் தெரிந்துகொள்ளுங்கள். செவ்ர், ஷாந்தியி, ஜெர்மனியின் மைசன், சீனப் பாத்திரங்கள் என எல்லாவற்றையும் நகலெடுத்தார்கள். கடினப் பீங்கான், சற்றே சாம்பல் பாய்ந்த வெள்ளை. இன்று சாம்சன் பொருள்களையே தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. அசலின் விலை கொடுக்காமல் இருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறானது பழைய பாரிஸ் பீங்கான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் முதல் பாதியிலும் நாஸ்ட், டார்த், டாகோட்டி, டீல் எ கெரார் போன்ற பட்டறைகள் செய்தவை. நிறைய பாத்திரங்களில் முத்திரையே இருக்காது. முத்திரை இல்லாததாலேயே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்; என் கணிப்பில், தொடக்கச் சேகரிப்பாளருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வேலைப்பாடு உயர்ந்தது, விலை செவ்ரை விடப் பல மடங்கு குறைவு. இங்கே தங்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துத் தங்கம் சூளையிலிருந்து மங்கலாகத்தான் வரும். அகேட் கல்லால் தேய்த்துத்தான் பளபளப்பாக்குவார்கள். அதனால் உருப்பெருக்கியில் பார்த்தால் மெல்லிய தேய்ப்புக் கோடுகள் தெரியும். ஒரே பட்டையில் மங்கல் தரையும் பளபளக்கும் கோலமும் பக்கம் பக்கமாக இருக்கும். பின்னாளில் வந்த திரவத் தங்கம் சூளையிலிருந்தே கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வரும், படலமும் மெலிது. தேய்மானத்தையும் கவனியுங்கள். விளிம்பின் உச்சி, கைப்பிடியின் மேல்வளைவு, சாசரில் கோப்பை உட்காரும் இடம் ஆகியவற்றில் தேய்வதுதான் இயல்பு. தட்டின் நடுவில் கத்திக் கீறல்கள் நிறைந்திருக்க, விளிம்புத் தங்கம் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் மறுபடி தங்கம் பூசியிருக்கிறார்கள். பழைய கீறலின் மேலேயே தங்கம் ஓடியிருப்பதை உருப்பெருக்கி காட்டிக்கொடுக்கும்.

உண்மையில் பெரும்பாலோர் வாங்கப்போவது லிமோஜ்தான். முதலில் ஒன்று: லிமோஜ் ஒரு கம்பெனியின் பெயர் அல்ல, ஊரின் பெயர். அங்கே ஏராளமான ஆலைகள் இருந்தன. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லிமோஜ் என்ற பெயரிலேயே ஓர் ஆலை ஓடியது. அதன் தட்டுகளுக்கும் பிரான்சுக்கும் சம்பந்தமில்லை. முத்திரையில் ஊர்ப்பெயரோடு ‘பிரான்ஸ்’ என்று இருக்கிறதா, ஆலையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் 1891 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனால் ‘பிரான்ஸ்’ என்ற சொல் இல்லாத ஏற்றுமதிப் பாத்திரம் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

லிமோஜிலும் இரண்டு முத்திரை வழக்கம். மெருகுக்கு அடியில் பச்சை: வெள்ளைப் பாத்திரம் செய்த ஆலை. மெருகுக்கு மேல் சிவப்பு, நீலம் அல்லது வேறு நிறம்: அலங்கரித்த ஆலை அல்லது விற்ற கடை. பச்சை மட்டும் இருந்து, பூக்களுக்கு அடியில் ஒரு கையெழுத்தும் இருந்தால், வெள்ளையாக வாங்கிப்போய் வேறிடத்தில் தீட்டியது. பீங்கானில் ஓவியம் தீட்டுவது 1900ஐ ஒட்டி அமெரிக்க வீடுகளில் பெரிய பொழுதுபோக்காக இருந்தது. அவற்றில் மிக நல்ல கைகளும் உண்டு, தடுமாறிய கைகளும் உண்டு. ஓவியத்தைப் பார்த்து விலை கொடுங்கள், முத்திரையைப் பார்த்து அல்ல. கையால் தீட்டியது என்று சொல்லி விற்கும் பூவையும் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். நுண்புள்ளிகளாகச் சிதறினால் அது அச்சுப்படம், ஒட்டிச் சுட்டது. அச்சுக்கோட்டின் மேல் கையால் நிறம் நிரப்பியதும் நிறைய உண்டு. தூரிகையில் எழுதிய இதழ் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். ஒரு பூ போல இன்னொன்று இருக்காது.

ஹேவிலண்ட் என்ற பெயரில்தான் அதிகக் குழப்பம். நியூயார்க் வியாபாரி டேவிட் ஹேவிலண்ட் 1842இல் லிமோஜில் குடியேறினார். அவருடைய மகன்களின் கூட்டு 1891 முடிவில் பிரிந்தது. தியோடர் ஹேவிலண்ட் 1892இல் தனி நிறுவனம் தொடங்கினார். இதுபோக உறவினர் சார்ல்ஸ் ஃபீல்ட் ஹேவிலண்டின் பெயரில் வேறொரு முத்திரையும் உண்டு. ஆக ஒரே குடும்பப் பெயர், வெவ்வேறு ஆலைகள், வெவ்வேறு வெள்ளை. பூ வடிவங்கள் ஆயிரக்கணக்கில். பலவற்றுக்கு ஆலை வைத்த பெயரே கிடையாது. சேகரிப்பாளர்கள் ஷ்லைகர் எண் என்ற வரிசை எண்ணை வைத்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். உடைந்த தட்டுக்கு மாற்றுத் தேடும்போது பூ மட்டும் ஒத்துப்போனால் போதாது. விளிம்பின் வளைவும் புடைப்பும், அதாவது வெள்ளைப் பாத்திரத்தின் அச்சு, ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ரோஜாக் கொத்து இரண்டு மூன்று அச்சுகளில் வந்திருக்கும். படத்தில் ஒன்று போலத் தெரிந்து, மேசையில் வைத்ததும் வேறாகத் தெரியும். விளிம்பின் விட்டம், அடிவளையத்தின் விட்டம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள். கையால் வார்த்த காலத்துத் தட்டுகளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இயல்பு; ஐந்துக்கு மேல் போனால் அது வேறு தட்டு.

சேதம் பார்ப்பதற்கு வருவோம். தட்டை மூன்று விரல் நுனியில் ஏந்தி, மற்ற கையின் நகத்தால் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். கடினப் பீங்கான் ‘ணங்’ என்று ஒலித்து நீளும். மயிர்க்கீறல் இருந்தால் ‘டொக்’ என்று அடங்கிவிடும். மென்பீங்கான் நல்ல நிலையில் இருந்தாலும் இப்படி மணி மாதிரி ஒலிக்காது, அதனால் அதில் இந்தச் சோதனை செல்லாது. கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு முழுக்க விரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய மூளி விரலுக்குத் தப்பாது. கைப்பிடி ஒட்டும் இடம், மூடியின் குமிழ், சாஸ் பாத்திரத்தின் மூக்கு ஆகிய மூன்றிலும்தான் மறைத்த ஒட்டுவேலை இருக்கும். புறஊதா டார்ச்சில் அந்த இடம் மட்டும் வேறு நிறமாக ஒளிரும். ஒட்டிய இடத்தைத் தொட்டால் சுற்றியுள்ள பீங்கானின் குளிர்ச்சியும் இருக்காது. பித்தளைக் கம்பிக் கொக்கி போட்டுத் தைத்த பழைய தட்டு கிடைத்தால் கொக்கியை எடுக்காதீர்கள். எடுத்தால் துளைகள் பல்லிளிக்கும். அதுவும் அந்தத் தட்டின் வரலாறுதான்.

கழுவுவது எளிது, அவசரப்படாமல் இருந்தால். பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு மென்மையான சோப்பு, ஒரு நேரத்தில் ஒரு பாத்திரம். ஒட்டுவேலை உள்ளதை ஊற வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரம் தங்கத்தை அரித்துவிடும். மைக்ரோவேவில் தங்க விளிம்பு பொறி விடும். மயிர்க்கீறலில் ஏறிய பழுப்புக் கறைக்குப் பிளீச்சிங் திரவம் ஊற்றுகிறார்கள். செய்யவே கூடாது. அதன் உப்பு உள்ளே தங்கி, உலர்ந்து படிகமாகி, மெருகை உதிர்க்கும். பதிலாக, முதலில் காய்ச்சி வடித்த நீரில் சில மணிநேரம் ஊற வையுங்கள். பிறகு 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சைக் கீறலின் மேல் நீளமாக வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பஞ்சு காயக் காய மாற்ற வேண்டும். சில நாட்கள் பிடிக்கும். தங்கக் கோட்டின் மேல் பஞ்சு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடலாமா என்றால், மென்பீங்கானில் வேண்டாம். மெருகிலேயே ஈயம், அதோடு கொதிக்கும் திரவம் பட்டால் விரிசல் விடும். 19ஆம் நூற்றாண்டு லிமோஜின் மெருகு கெட்டியானது. ஆனால் மேலே தீட்டிய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். எலுமிச்சையும் வினிகரும் அந்த வண்ணத்தைத் தின்னும். விளிம்பில் மட்டும் பூவும் நடுவில் வெறும் வெள்ளையும் உள்ள தட்டில் எப்போதாவது கேக் வைப்பதில் பயமில்லை. புளிப்பான உணவை அதில் வைத்துப் பாதுகாக்க வேண்டாம்.

அடுக்கும்போது தட்டுகளுக்கு நடுவே ஃபெல்ட் துணியோ அமிலமில்லாத மென்தாளோ வையுங்கள். ஓர் அடுக்கில் எட்டுக்கு மேல் வேண்டாம். மேல்தட்டின் மெருகில்லா அடிவளையம் கீழ்த்தட்டின் பூவை அரைத்துவிடும். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகவோ கைப்பிடியில் தொங்கவிடவோ கூடாது. அனுப்பும்போது பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை. தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்; நிற்கும் தட்டுக்குத் தாங்கும் வலு அதிகம். மூடியைப் பாத்திரத்தின் மேல் வைத்தபடி அனுப்பவே கூடாது. தனியாகச் சுற்ற வேண்டும்.

செட் சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல். பிரெஞ்சு வழக்கத்தில் சாப்பாட்டு செட், இனிப்பு செட், காப்பி செட் மூன்றும் தனித்தனி. சாப்பாட்டு செட்டில் காப்பிக் கோப்பை இல்லையே என்று ‘குறை செட்’டாக நினைத்து ஒதுக்க வேண்டாம். தட்டுகள் டஜன் கணக்கில் செய்தவை, தேடினால் கிடைக்கும். அரிதானவை மூடியோடு கூடிய சூப் பாத்திரமும் காய்கறிப் பாத்திரமும்தான், ஏனென்றால் முதலில் உடைவது மூடி. விற்பவர் மூடியோடு கொடுத்தால் அந்த மூடி அதற்கே உரியதா என்று பாருங்கள். வெள்ளையின் சாயல் ஒன்றா, தங்கத் தேய்மானம் ஒரே அளவா, மூடியிலிருந்து உடம்புக்குப் பூக்கொடி தொடர்கிறதா, மூடி ஆடாமல் உட்காருகிறதா. உங்கள் செட்டின் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வாயின் உள்விட்டத்தை அளந்து எழுதி, கைப்பையிலேயே வைத்திருங்கள். தனி மூடிகள் சந்தையில் பெட்டியோடு மலிவாகக் கிடக்கும்; அளவு கையில் இல்லாதவர் அவற்றைப் பார்த்துவிட்டுக் கடந்து போவார்.